சிமெண்டு நிறத்துப் பூனை

சுகன்யா வென்றெடுத்தவற்றில் முதலாவது, ஒற்றைக் கையால் சாக்கின் வாயைத் தைக்கும் பழக்கம். அடுத்தது, முறுக்கும் பிடியை இடப்பக்கம் மாற்றிப் பூட்டிய மொபெட். அதை ஓட்டவே முடியாது என்று சொன்ன மெக்கானிக்கின் கடை வாசலிலேயே ஓட்டிக் காட்டினாள். மூன்றாவது, அரியலூர் சாலையில் ஒரு சிமெண்டு கோடவுனில் மாதச் சம்பள வேலை. கடைசியாக வென்றது ஒரு பூனையை.

குன்னத்துக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டில், மக்காச்சோளம் அடிக்கும் எந்திரத்தில் அவள் வலது கை சிக்கியது. அப்போது நாலாம் வகுப்பு. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. இடது கையில் பல்பத்தைப் பிடித்தவளை அம்மா தடுத்தாள்.

"சோத்துக் கையே போயிடுச்சு. பீச்சாங்கையால சரஸ்வதிய எழுதப் போறியா?"

அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் அதே இடது கையின் கட்டைவிரலை நீட்டினாள். ரேகைக்கு ஆகிற கை எழுத்துக்கு மட்டும் ஏன் ஆகாது என்று அவள் அக்கா அம்பிகாவிடம் கேட்டதுண்டு.

கோடவுனில் கிழிந்த மூட்டைகளைப் பிரித்து வைப்பதும், சிந்திய சிமெண்டைக் கூட்டி அள்ளுவதும் அவள் வேலை. லாரி போய் வரும் அந்தச் சாலையில் வேப்பிலையே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசுவதில்லை. மார்கழிக் கடைசியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து மூட்டை அடுக்கின் உச்சியில் படுத்தபோதும் யாரும் அதிசயப்படவில்லை. சுகன்யா அதற்கு மூட்டை என்று பேர் வைத்தாள். மதியச் சோற்றில் கருவாட்டுத் தலையை அதற்கென்று ஒதுக்கினாள். அது வேறு யார் கைக்கும் அடங்காது. அவள் மொபெட் சத்தம் கேட்டதும் அடுக்கிலிருந்து குதித்து வாசலுக்கு வரும்.

மே மாதம் ஒரு நாள் லோடுமேன் ராஜா போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒன் மூட்டை ரசியாக்காரியாம்!"

"என்னடா ஒளறுற?"

"படம் புடிச்சு போட்டா பூனை என்ன சாதின்னு போனே சொல்லுது. ரஷ்யன் ப்ளூவாம். இனிமே கருவாடு போடாத. கேக்கு வாங்கிப் போடு."

அந்தப் படத்தை அவன் ஸ்டேட்டசில் வைத்தான். அது கைமாறிக் கைமாறிப் போய், மறுநாளே பூனையைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஜான் பீட்டருக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டை, வேலை அரியலூரில் வாத்தியார். கூடவே நர்சிங் படிக்கும் மகள் ஆனி ரோஸ். கிறிஸ்துமஸ் ராத்திரி போட்ட வெடியில் மிரண்டு ஓடிய அவர்கள் பூனை திரும்பி வரவேயில்லையாம். போனில் படத்தைக் காட்டினார். தலை முதல் வால் வரை ஒரே சாம்பல், பச்சைக் கண். அடுக்கின் மேலே படுத்திருந்ததும் அச்சு அசல் அப்படியே.

"சோபி!" என்றாள் ஆனி ரோஸ்.

பூனை தலையைத் திருப்பிப் பார்த்தது.

"கிறிஸ்துமசுக்குக் காணாமப் போச்சு, மார்கழியிலதான் இங்க வந்திருக்கு. வேறென்னம்மா அத்தாட்சி வேணும்?" என்றார் வாத்தியார். குரலில் அதட்டல் இல்லை.

ராஜா காதோரம் வந்தான். "முதலாளி பூனைன்னு சொல்லிருவமா?"

"சும்மா இருடா."

பூனையை இறக்கிக் கொண்டுவந்தாள். ஆனி ரோஸ் அதன் முதுகைத் தடவினாள். "எங்க சோபிக்கு எங்க தடவுனாலும் ஒரே கலருதாங்க. கோடே கெடையாது" என்றாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். அந்த வெள்ளை உள்ளங்கை சாம்பலாகியிருந்தது.

சுகன்யா அந்தக் கையையே பார்த்தாள். இத்தனை மாதம் தடவியும் அவள் கையில் எதுவும் ஒட்டியதாகத் தெரியவில்லை. அவள் கை எப்போதுமே சாம்பல்தான்.

"கண்ணுல வைக்காதம்மா, சிமெண்டு. எரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கைக்குத் தடவ வைத்திருந்த தேங்காய் எண்ணெயையும் வேட்டித் துணியையும் எடுத்து வந்தாள். தண்ணீர் பட்டால் சிமெண்டு இறுகித் தோலை அரித்துவிடும். முதலில் காய்ந்த துணியால் தட்டி, பிறகு எண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"தொடச்சுப் பாத்துருவம் சார். உள்ளயும் இதே கலருன்னா நீங்க கொண்டு போங்க" என்றாள்.

பூனையை மடியில் அமுக்கி, வலது முழங்கையால் அணைத்துக்கொண்டு துடைத்தாள். முதல் துணி கறுத்தது. முதுகில் ஒன்றும் தெரியவில்லை. ராஜா இன்னொரு துணி கொடுத்தான். விலாப் பக்கம் பழுப்பு தெரிந்தது. அதில் மீன் முள் போல மெல்லிய கறுப்புக் கோடுகள், வரிசையாக. பாதங்கள் வெள்ளை. கடைசியாக நெற்றியைத் துடைத்தபோது அங்கேயும் கோடுகள் தெரிந்தன.

"பட்டை போட்டிருக்குக்கா! சைவப் பூனை! ரசியாவுல ஏறி நம்ம ஆண்டிமடத்துல எறங்கிருச்சு" என்றான் ராஜா.

ஆனி ரோஸ் சிரிக்கவில்லை. ஒருமுறை குனிந்து பார்த்து, "சோபி இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியருகே போய் நின்றாள். பூனை கை நழுவியது அவளுக்கு இது இரண்டாம் முறை. சுகன்யா டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இந்தப் பக்கம் சாம்பலா எது வந்தாலும் தொடச்சுப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

கிளம்பும்போது ஜான் பீட்டர் சொன்னார்: "மாட்டாஸ்பத்திரியில ஊசி போட்டு, ஒங்க பேருல ஒரு அட்டை வாங்கி வச்சுக்கங்கம்மா. என்னாட்டம் நாளைக்கு இன்னொருத்தன் வருவான்."

அட்டை என்றால் கையெழுத்து வேண்டுமே என்பது அவளுக்கு உடனே உறைத்தது. தன் பூனை என்று சொல்ல இங்க் தடவிய விரலை நீட்ட அவளுக்கு மனமில்லை. அடுத்த வாரங்களில், கூட்டி அள்ளுவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் சிமெண்டுத் தூளில் இடது விரலால் பெயரை எழுதிப் பார்த்தாள். ‘க’ கவிழ்ந்தது, ‘ன்’ படுத்துக்கொண்டது. எழுதியதைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுநாள் மறுபடியும் எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூட்டையை வெங்காயச் சாக்கில் போட்டு அம்பிகா மடியில் வைத்துக்கொள்ள, இருவரும் மொபெட்டில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி போட்டு, மறுபடி சாக்கில் விட்டார்.

"என்ன ரகம்னு போடட்டும்?"

"நாட்டுப் பூனைங்க. பழுப்புல கறுப்புக் கோடு, நாலு பாதமும் வெள்ளை" என்றாள் சுகன்யா. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

உதவியாளர் அவள் வலது கையைப் பார்த்துவிட்டு மை டப்பாவைத் தள்ளினார். சுகன்யா அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். அம்பிகாவின் மடியில் சாக்கு நெளிந்தது. அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு தங்கையின் இடது கையைப் பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்துக்கு எதிரே ‘சுகன்யா’ என்று விழுந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு எழுத்தும் குறையாமல்.

பக்கத்தில் தேதியையும் அவளே போட்டாள்: 19.6.2024.