எதிர் ஷோரூம் சகலை

மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு எரியக் காரணமே தேவையில்லை என்று அவர் மனைவி சொல்வாள். அது அநியாயம். காரணம் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், இஸ்திரி கலையாத நீலச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் பளிச்சென்று நின்றது. அவருடைய சகலைதான் அது.

இருவரும் கார் விற்பவர்கள். இவர் இந்தப் பக்கத்து ஷோரூமில். மனைவியின் தங்கையைக் கட்டியவன் எதிர் ஷோரூமில். நடுவில் ஆறு வழிச் சாலை. அந்தப் புறநகர் வளர்ந்த வேகம் அப்படி. நேற்று சாரம் கட்டி நின்ற கட்டடத்தில் இன்று திரைச்சீலை தொங்கும். குடிவந்தவர்கள் ஒரு வாரத்துக்குள், பால் வாங்கக்கூட வண்டி இல்லாமல் முடியாது என்று கண்டுபிடித்து இந்தச் சாலைக்கு வந்து நிற்பார்கள். அவர்களை நம்பி இருபுறமும் வரிசையாக ஷோரூம்கள் முளைத்திருந்தன. சாலையில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சுவர். சாலையில் போகிறவர்களுக்கு ஏது நேரம்? பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் எதிர்க் கடைக்காரர்கள்தான்.

மூத்தவர் இந்தத் தொழிலுக்கு முன்வாசல் வழியாக வந்தவர் அல்ல. டயர் கடையில் பஞ்சர் ஒட்டினார். பிறகு ஷோரூம் வண்டிகளைக் கழுவினார். ஒருநாள் விற்பனையாளர் வராமல் போக, ஈரச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு ஒரு டீச்சருக்கு வண்டி விற்றுக் காட்டினார். அன்றிலிருந்து விற்கிறார். கதவைச் சாத்திக் காட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. "சத்தத்தைக் கேளுங்க" என்பார். ஓங்கியும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் ஒரு தள்ளு. 'தொம்' என்று விழும். பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும். வேலை வெட்டி இல்லாமல் மாமனார் வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்த சகலையைக் கூட்டிவந்து தன் ஷோரூமில் சேர்த்துவிட்டு, அந்தக் கதவு வித்தையையும் சொல்லிக் கொடுத்தவர் இவரே. சேர்த்துவிட்டவர் விற்பனையாளராகவே நின்றுவிட்டார். சேர்ந்தவன் எதிர்ப்பக்கம் தாவி, அங்கே நான்கு பேருக்கு மேலாளராகிவிட்டான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகூட இவருடையதைவிடப் பெரிசு.

அங்கே ஒரு வண்டி விற்றால் மணி அடிப்பார்கள். அத்தனை லாரி இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. இவர் காதில் விழும். சாப்பிடும்போது விழுந்தால் சோறு இறங்காது. "உன் தங்கச்சி புருஷன் இன்னைக்கு மூணு தடவை அடிச்சான்" என்று ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொல்ல, மனைவி பதறிப்போய், "ஐயோ, அவளையா?" என்று போனைத் தேடினாள்.

இந்த நிலைமையில்தான் மாமனாருக்குக் கார் ஆசை வந்தது.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் ஓட்ட, பின்னால் நின்று விசில் ஊதியே காலத்தைத் தள்ளியவர். வேலை முடிந்த கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "சின்னதா ஒரு கார் பாக்கணும்" என்றார். இரண்டு மாப்பிள்ளைகளும் எதிரே இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒரு காரை வித்து எனக்கு என்ன வந்துடப்போகுது?" என்று மூத்தவர் மனைவியிடம் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். பச்சைப் பொய். அந்த வீட்டில் அவரிடம் மிச்சம் இருந்தது 'மூத்த' என்ற ஒரு சொல் மட்டுமே. குழாய் ஒழுகினால் சகலைக்குப் போன். மாமியாருக்கு மயக்கம் வந்தால் சகலைக்குப் போன். மாமனார் ஆயுசில் வாங்கப்போகும் ஒரே காரின் சாவி யார் கையிலிருந்து போகிறதோ, இனி அவர்தான் அந்த வீட்டு மாப்பிள்ளை. மற்றவர் வந்துபோகும் விருந்தாளி. அவருக்குள் இது தீர்மானமாக உட்கார்ந்துவிட்டது. ஷோரூமில் ஒரு வெள்ளை வண்டியை மனசுக்குள் மாமனாருக்கென்று ஒதுக்கிவைத்து, கழுவ ஆள் இருந்தும் தானே துடைத்தார். "எப்ப வர்றீங்க மாமா?" என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. "வரேன் மாப்ளே, வரேன்" என்பதற்கு மேல் பதில் இல்லை.

வந்தார். எதிர்ப்பக்கத்துக்கு வந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, பழக்கதோஷத்தில் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவைத்துவிட்டு, மாமனார் சகலையின் ஷோரூமுக்குள் நுழைவதை மூத்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் மேசைக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். "பெட்ரோலா, டீசலா சார்?" என்று கணவன் கேட்டான். "ரெண்டும்தான்" என்றார் மூத்தவர், கண்ணை எடுக்காமல்.

இந்தத் தொழிலில் ஒரு சாஸ்திரம் உண்டு. விலை கேட்கிறவன் வாங்க மாட்டான். டயரை உதைத்துப் பார்க்கிறவன் வாங்கவே மாட்டான். ஆனால் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருப்புகிறானே, அவன் வாங்கிவிட்டான் என்று அர்த்தம். மனசுக்குள் வண்டி கிளம்பிவிட்டது; பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறான். மூத்தவரின் கணிப்பு இதில் ஒரு தடவைகூடப் பிசகியது கிடையாது.

மாமனார் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். சகலை குனிந்து பின்பக்கம் கைகாட்டி ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் சிவப்புத் துணியைக் கொண்டுவந்து பக்கத்து வண்டியின் மேல் விரித்தான். சாவி கொடுக்கும்போது வாங்குகிறவர் கையால் இழுக்கவைக்கிற துணி. மணி அடித்தது.

மூத்தவருக்குக் காது அடைத்துக்கொண்டது. மாமனாருக்கு அந்தச் சிரிப்பைத் தன்னிடம் சிரிக்கத் தெரியாதா? நேரே பின்பக்கம், வண்டி கழுவும் இடத்துக்குப் போய், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே போன் போட்டார். அதற்குள் மாமனார் வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறியிருந்தார்.

"எதிர்ல வந்திருந்தீங்க போல மாமா."

"ஆமா மாப்ளே, உங்ககிட்டதான் சொல்லணும்னு..."

"பாருங்க, தப்பே இல்ல. ஆனா நான் சொன்னேன்னு வெளிய விட்டுடாதீங்க. நீங்க உக்காந்து பாத்தீங்களே, அதையேதான் உங்க தலையில கட்டப்போறான். மாசக்கணக்கா அங்க நிக்கிற வண்டி. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் ஏறி இறங்கினது. சொந்த மாமனாருக்கே புதுசுன்னு தள்ளிவிடறான்னா பாத்துக்குங்க."

பின்னணியில் பஸ் கண்டக்டரின் விசில் மட்டும் கேட்டது.

"சின்ன மாப்பிள்ளையா அப்படி?" என்றார் கடைசியில்.

"என் வாயால சொல்லக் கூடாதுதான் மாமா. மனசு கேக்கல."

"சரி மாப்ளே. வெச்சிடறேன்."

அன்று மூத்தவருக்கு உடம்பு லேசாகிவிட்டது. சாயங்காலம் வந்த ஒருவரிடம் காரின் நான்கு கதவுகளையும் சாத்திக் காட்டினார். இரவு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி குளித்துக் கிளம்பி நின்றாள். "அப்பா கார் எடுக்கிறாராம். எல்லாரும் வரணுமாம்."

"எங்க ஷோரூம்லயா? எனக்குத் தெரியாமலா?"

"பைபாஸ் முனையில புதுசா ஒண்ணு திறந்திருக்காங்கல்ல, அங்க."

மூத்தவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அங்கே முகம் தெரியாத ஒரு பெண் விற்பனையாளர் மாமனாருக்கு அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். மகள்கள் இருவரும் அம்மாவும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். அடுத்தவன் ஷோரூமில் நிற்கும் கார் விற்பனையாளனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. மாப்பிள்ளைகள் இருவரும் கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஓரத்தில் நின்றார்கள்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டாரு?" என்றான் சகலை. "நான் அவரை உங்ககிட்டதானே அனுப்பினேன்?"

"என்கிட்டயா?"

"அன்னைக்கு வந்தாருல்ல? எங்க வண்டியில உக்காரவெச்சு, கண்ணாடியைத் திருப்பிப் பாக்கச் சொன்னேன். அவர் உயரத்துக்கு எப்படித் திருப்பினாலும் பின்னாடி பாதி தெரியல. 'பின்னாடி தெரியாம கண்டக்டருக்கு மூச்சு விட முடியுமா மாமா?'ன்னேன், சிரிச்சிட்டாரு. 'உங்களுக்கு அண்ணன் ஷோரூம் வண்டிதான் சரி. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவராலதான், முறைப்படி அவர்கிட்டதான் எடுக்கணும்'னு சொல்லி அனுப்பினேன். 'சரி, வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்து அவர்கிட்டயே எடுக்கிறேன்'னுதான் கிளம்பினாரு."

அப்படியானால் அந்தத் துணியும் மணியும் வேறு யாருக்கோ. மூத்தவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்னன்னு தெரியலண்ணே. கேட்டேன். 'நீங்க ரெண்டு பேரும் மாப்பிள்ளையா இருந்தா போதும், காரை நான் வெளிய பாத்துக்கிறேன்'னுட்டாரு."

மாமனார் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நிம்மதி வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. ஆனால் இரண்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அந்தப் பழைய எரிச்சல் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய அடையாள அட்டையைப் பறித்தான், மணியை அடித்தான், கடைசியில் நல்லவனாக இருப்பதிலும் இவன்தான் முந்த வேண்டுமா?

மாமனார் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். பெண்கள் மூவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்னால் ஓர் இடம்தான் இருந்தது.

"சின்ன மாப்ளே, நீங்க வாங்க முன்னாடி" என்றார் மாமனார்.

"நான் பைக்ல வந்துடறேன் மாமா. அண்ணன் உக்காரட்டும், மூத்தவர் அவர்தானே." சகலை கதவைத் திறந்து பிடித்தான். மூத்தவர் ஏறினார். கதவை அவனே சாத்தினான். ஓங்கியும் இல்லை, மெதுவாகவும் இல்லை. 'தொம்.'

வண்டி சாலைக்கு வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் சகலை பைக்கில் வந்துகொண்டிருந்தான், கை அசைத்தான். மாமனார் மேலே இருந்த கண்ணாடியில் அவனை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"நல்ல பையன். இல்லையா மாப்ளே?"

அவர் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்குக் காத்திருப்பது மட்டும் தெரிந்தது.

"ஆமா மாமா" என்று மூத்தவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.