லாமாவோடு மல்லுக்கட்டிய சால்வை

பிள்ளைகளே, விருந்தாளிகள் கிளம்பும்போது உங்கள் அப்பப்பா, அதுதான் என் அப்பா, காருக்குப் பின்னாலேயே ஓடிப்போய், கண்ணாடி வழியாக ஒரு பையைத் திணிப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அவர் ஒருமுறை திபெத்துப் புத்த குருவான ஒரு பெரிய லாமாவோடும் அப்படி மல்லுக்கட்டியிருக்கிறார். அந்தக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். யாழ்ப்பாணத்துச் சண்டையை விட்டு லண்டனுக்கு வந்து, ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ரீச்சர் ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் மிஸ் என்போம். எங்கள் கட்டில் மிஸ் தந்தது. தண்ணீர் சுடவைக்கும் கேத்தில் மிஸ் தந்தது. அப்பா போட்ட கோட்டு, இறந்துபோன அவர் கணவருடையது. என் கோட்டு அவருடைய பேரனுடையது. கை நீளம் என் விரல் நுனியையும் தாண்டிப் போகும். அம்மா பதிலுக்கு ஒரு தட்டு வடை கொண்டுபோனால், உறைப்பு தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். தட்டோடு கூடவே ஒரு பை உடுப்பும் வந்து சேரும்.

மிஸ்ஸுக்குப் புத்த சமயத்தில் ஈடுபாடு உண்டு. ஒருநாள் வந்து, திபெத்து லாமா ஒருவர் வருகிறார், ஹரோவில் பூசை, நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றார். லாமாவின் கையில் ஒரு வெள்ளைச் சால்வை கொடுப்பது வழக்கம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா முகத்தைச் சுளித்தார். "புத்த சாமியிட்டையோ? கொழும்பிலை அவையின்ரை ஆக்களிட்டைப் பட்டது போதாதே?"

"இஞ்சாருங்கோ, இது திபெத்துச் சாமி. அவரும் எங்களைப்போல ஊரை விட்டிட்டு ஓடி வந்தவராம்," என்றார் அம்மா.

"அட, அவரும் அகதியோ?" என்ற அப்பா, அந்தக் கணமே சம்மதித்துவிட்டார்.

ஆனால் வீட்டில் இருந்த ஒரே வெள்ளைச் சால்வை அப்பாவின் கலியாணப் பட்டுச் சால்வைதான். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த நல்ல துணி என்று வேறொன்றும் இல்லை. அப்பா அதைப் பெட்டியிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடி எடுத்தார்.

"கடையிலை ஒண்டு வாங்குவமே?" என்று அம்மா கேட்டார்.

"சாமிக்குக் குடுக்கிறதிலை மலிவு பாக்கிறதே?" என்று அப்பா சீறினார். ஆனால் பஸ்ஸில் போகும்போது அதை மடியில் வைத்து, வழி முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் மிஸ் எங்களை வரிசையின் முன்னால் கொண்டுபோய் விட்டார். விருந்தாளிகள் அல்லவா! கருஞ்சிவப்பு உடையில் லாமா அமர்ந்திருந்தார். அப்பா குனிந்து இரண்டு கைகளாலும் சால்வையை நீட்டினார். லாமா வாங்கினார், அதன் சரிகைக் கரையை விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு புன்னகையோடு அதை அப்பாவின் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

அது அவர்கள் வழக்கம். கொடுத்ததை வாங்கி, ஆசீர்வாதமாகக் கொடுத்தவருக்கே அணிவித்துவிடுவார்கள். மிஸ் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்ததோ எங்கள் ஆட்களின் வழக்கம். நாங்கள் எதையும் முதல்முறையிலேயே வாங்கமாட்டோம். "ஐயோ, வேண்டாம்" என்போம். கொடுப்பவர் விடாமல் திணிக்க வேண்டும். அதுதான் மரியாதை.

"இல்லை, இல்லை, நீங்கள் வைச்சிருங்கோ சாமி!" அப்பா சால்வையைக் கழற்றி நீட்டினார். லாமா மறுபடி போட்டார். அப்பா மறுபடி கழற்றினார். பின்னால் வரிசை அப்படியே நின்றுவிட்டது. அது உங்களுக்குத்தான் என்று மிஸ் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

"நோ மிஸ், ஃபோர் ஹிம்!" என்றார் அப்பா.

அம்மா அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தார். "விடுங்கோவன், ஆக்கள் பாக்கினம்."

"நீ சும்மா இரு. அவர் வெக்கப்படுறார்."

லாமா அப்பாவின் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, சால்வையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் கிடந்த மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அப்பாவுக்கு அணிவித்தார். மண்டபமே சிரித்தது.

நாங்கள் சுவரோரம் போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்த எல்லோரும் சால்வையைக் கொடுத்தார்கள். எல்லோரும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"இஞ்சாருங்கோ, எல்லாருக்கும் திருப்பித்தான் குடுக்கிறார்," என்றார் அம்மா மெதுவாக.

"ஓம், நானும் இப்பதான் பாக்கிறன்," என்றார் அப்பா.

பஸ்ஸில் அம்மா அடங்கவில்லை. "கலியாணச் சால்வையும் போச்சு. பேசாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்."

"எண்டாலும் வாங்கிட்டார், பாத்தியோ!" என்று சொல்லி அப்பா சிரித்தார். இறங்கி நடக்கும்போதும் அதையே சொன்னார். படியேறும்போதும் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. இருந்த ஒரே பட்டுச் சால்வையைப் பறிகொடுத்த ஒருவர் இப்படிச் சந்தோஷப்படுவது ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.

அடுத்தநாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும், என் பென்சில் பெட்டியிலிருந்து ஸ்ட்ரோபெரி மணக்கும் அழிறப்பரை எடுத்தேன். எனக்கென்று கடையில் புதிதாக வாங்கிய பொருள் அது ஒன்றுதான். தேய்ந்துவிடும் என்று நான் ஒரு எழுத்தைக்கூட அதால் அழித்ததில்லை. யாருக்கும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனேன். மிஸ் வீட்டுக் கதவில் கடிதம் போடும் துவாரம் எனக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டு, அழிறப்பரைக் கடைசியாக ஒருமுறை மணந்து பார்த்து உள்ளே போட்டேன். கதவைத் திறந்து, வடையைப்போல இதையும் திருப்பித் தந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஒரே ஓட்டமாக ஓடி வந்துவிட்டேன்.