கருங்காலிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்

"அம்மா போயிட்டாங்க சித்தி" என்று கமலம் அக்காவின் மகள் வளர்மதி போனில் சொன்னபோது மன்னார்குடிப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் நின்ற பெண், "யாரும்மா, சொந்தமா?" என்றார். ஆமாம் என்றேன். அக்காவுக்கும் எனக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது.

இதைப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே, உங்களில் பாதிப்பேர் அவர் கட்டிய தூளியில் கிடந்தவர்கள். இன்று வாத்தியாராகவும் நர்சாகவும் துபாயில் டிரைவராகவும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அதெல்லாம் நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அக்காவுக்குத் துணையாக இருந்து உங்கள் துணியைத் துவைத்தவள் நான்தானே!

அரசு பால்வாடி எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே, அக்கா வாய்க்கால் ஓரம் கீற்றுக் கொட்டகை போட்டு, நடவுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். நடவு எந்த வயலுக்கு நகர்ந்ததோ அங்கே கொட்டகையும் நகர்ந்தது. பால் கொடுக்கக் கரையேறி வருகிறவர்களிடம் உடனே பிள்ளையைத் தரமாட்டார். "வெயில்ல நின்ன பாலு, சூடு. முதல்ல கொஞ்சம் பீய்ச்சி விட்டுட்டு அப்புறம் குடுடி" என்பார். மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, அந்தச் சாக்கில் அந்தப் பெண்கள் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்தார்கள். மிராசுதாரின் காரியக்காரர் கத்தினால், "சூடு ஆறட்டும்யா, வயலு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று அக்காவே பதில் சொல்வார்.

அந்தக் குறுவைக் கூலிச் சண்டையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் நம் ஆட்சி என்று பெருமை பேசிக்கொண்டோம். ஊரில் மிராசுதார் வைத்ததே சட்டமாக இருந்தது. கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்குவதில்லை என்று பெண்கள் முடிவெடுத்தோம். மறியலில் அக்காவின் கணவர் மாரிமுத்து மாமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அக்காவின் இடுப்பில் கைக்குழந்தையாக வளர்மதி. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தால் மிராசுதார் இறங்கி வந்தே ஆகவேண்டும். அப்போதுதான் எங்களுக்குப் பதிலாகக் கருங்காலி வேலை பார்க்கத் தெற்கேயிருந்து வெளியூர்ப் பெண்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

போலீஸ் காவலோடு அவர்கள் நட்டார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் தொண்டை வறளக் கத்தினோம். எதிர்க்கரைக் கருவேல மரத்தில் அவர்கள் கட்டியிருந்த தூளியில் ஒரு குழந்தை வீறிட்டது. தாய் நிமிர்ந்து பார்த்தாள். காரியக்காரர் அவளைக் கரையேற விடவில்லை. குழந்தையோ நிறுத்துவதாக இல்லை. திடீரென்று அக்கா வளர்மதியை என் கையில் திணித்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார்.

"எங்கம்மா போற?" என்று ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"புள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன். அதுக்கும் தடையா?"

அக்கா பெற்ற பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்து அந்த ஆள் வழிவிட்டார். அக்கா மரத்தடியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் கோஷம் நின்றுபோயிற்று.

மதியம் அந்தத் தாய் ஓடிவந்தாள். "நீங்க யாருக்கா?"

"இந்த வயல்ல வழக்கமா நடுறது எங்க தெருதான். கூலி கேட்டதுக்கு எம் புருஷன் ஜெயில்ல கிடக்கிறாரு."

"அய்யோ, இங்க ஆள் பத்தலன்னுதானே எங்களைக் கூட்டியாந்தாங்க!"

அவளும் கூட வந்த இரண்டு பேரும் அப்புறம் வயலில் இறங்கவில்லை. மற்றவர்கள் நட்டு முடித்துவிட்டார்கள். நாங்கள் தோற்றோம்.

தோற்ற ஆத்திரமெல்லாம் அக்கா மேல் திரும்பியது. "கருங்காலிப் புள்ளைக்குப் பால் குடுத்தவ" என்று தெருவே ஏசியது. ஒருத்தியும் பிள்ளையைக் கொட்டகையில் விடவில்லை. பிள்ளையே இல்லாத கொட்டகையை அக்கா தினமும் கூட்டிப் பெருக்கித் தூளியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். நானும் சண்டைதான் போட்டேன். "அந்தப் புள்ளை இன்னும் கொஞ்சம் அழுதிருந்தா அந்தப் பொம்பளைங்க எல்லாம் கரையேறியிருப்பாங்க. நடவே நின்னிருக்கும். நீங்கதான் கெடுத்தீங்க" என்றேன்.

"கருங்காலி வேலை பார்த்தது பெரியவங்க. அது என்ன, நாத்தா நட்டுச்சு?" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "அது கத்தினதும் எனக்குப் பால் சுரந்து ரவிக்கையே நனைஞ்சுபோச்சுடி. அப்புறம் எங்க நின்னு யோசிக்கிறது?" என்றார்.

மாமா ஜெயிலிலிருந்து வந்த அன்று தெருப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்கள். நடவைத் தடுக்கப் போய்ச் சிறையிலிருந்தவர். இன்று கமலத்துக்கு இருக்கிறது என்றே எல்லோரும் காத்திருந்தோம். அக்கா வாசலில் தலை குனிந்து நின்றார். மாமா அவரைப் பார்த்து, "வயிறு நிறைஞ்சுதா?" என்று கேட்டார்.

"யாருக்கு?"

"அந்தப் புள்ளைக்குத்தான்."

அக்கா தலையை ஆட்டினார். சூழ்ந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். மறுநாள் காலை கொட்டகையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

அன்று அக்காவிடம் நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். கூலிச் சண்டையில் இன்றும் ஒரு படி இறங்க மாட்டேன், என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் எந்தச் சண்டையிலும், நம் பக்கத்து ஆளே ஆனாலும், "பிள்ளை அழட்டும், அப்பத்தான் வழிக்கு வருவாங்க" என்று ஒருவர் வாய் திறந்தால், எழுந்து நின்று அவரை உட்காரவைத்துவிடுவேன். கமலம் அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.