புதுவாயலில் இறங்கியவன்

பேய், ஆவி, காத்துக் கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் இஷ்டம். ஆனால் இதைச் சொல்லும்போது எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வருகிறது. பேயைப் பார்த்தேன் என்று சொன்னால்கூட அதில் ஒரு கெத்து இருக்கும். என் விஷயத்தில் நான் எதையுமே பார்க்கவில்லை. மற்றவர்கள்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது என்னை.

எங்கள் ஊருக்குப் போக புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹைவேயைத் தாண்டி, பெரியபாளையம் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, வயல் நடுவே போகிற ஒரு சின்ன ரோட்டில் திரும்ப வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நெல் விவசாயம். நான் சேர்ந்த தனியார் காலேஜுக்கும் போலந்தில் ஒரு யுனிவர்சிட்டிக்கும் ஏதோ ஒப்பந்தம் இருந்தது, மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் மட்டும் அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாம். எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. நைனா சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் புதுவாயல் கூட்ரோட்டில் பேனர் வைத்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன், தலைக்குப் பின்னால் விமானம் பறக்கிறது, ‘அயல்நாடு செல்லும் எங்கள் ஊர் தங்கமே’ என்று கீழே பெரிய எழுத்து. அந்த வழியாகப் போகிற கம்பெனி பஸ்ஸில் இருக்கிறவன் எல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

அங்கே போய் இறங்கிய பிறகுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் என் காதில் ஏறி அர்த்தமாவதற்குள் அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். புராஜெக்டுக்கு என்னை ஒரு குழுவில் போட்டார்கள். மூன்று பேர் பேசி முடிவெடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி ஓகேவா என்பார்கள், நான் ஓகே என்பேன், எதற்கு ஓகே சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தயிர் என்று வாங்கினால் இனிக்கும். சாயந்திரம் டீ குடிக்கிற நேரத்தில் கும்மிருட்டாகிவிடும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். ஒருநாள் ஹாஸ்டலின் பொதுச் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்தேன். எண்ணெய் காய்ந்து புகை வந்தது, மிளகாய் கருகியது, அவ்வளவுதான், கட்டடம் முழுக்க சைரன் அலற ஆரம்பித்துவிட்டது. அத்தனை பேரும் செருப்போடு, துண்டோடு, பனி கொட்டுகிற முற்றத்தில் போய் நின்றார்கள், தலையில் ஷாம்பு நுரையோடு ஒரு பெண்கூட நின்றாள். தீயணைப்பு வண்டி வந்தது. யாராவது என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒருவரும் திட்டவில்லை. எல்லோரும் சிரித்த முகமாக, பரவாயில்லை பரவாயில்லை என்றார்கள். அன்றிலிருந்து நான் அந்தச் சமையலறைப் பக்கமே போகவில்லை. அறைக்குள் உட்கார்ந்து பிரெட்டைத் தின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கொண்டுபோன ஜாக்கெட் நம் ஊர்க் குளிருக்கு வாங்கியது, அங்கே அது தாங்கவில்லை. ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் பழைய துணிகள் போடுகிற பெட்டி ஒன்று உண்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யாரும் இல்லாத நேரம் பார்த்து அதிலிருந்து ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டேன். நெஞ்சில் மான் படம் பின்னியிருக்கும், ஒரு முழங்கையில் ஓட்டை. வீட்டுக்கு வீடியோ கால் போடுவதற்கு முன்னால் அதைக் கழற்றி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டுதான் பேசுவேன். பேனரில் கோட்டுப் போட்டு நிற்கிறவன் யாரோ போட்டுக் கழித்ததைப் போட்டுக்கொண்டிருப்பது நைனாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான்.

மெல்ல மெல்ல வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். காலையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஸ்வெட்டரோடு போர்வைக்குள் புகுந்துகொண்டு கண்ணை மூடி ஒரு காரியம் செய்வேன். மனசுக்குள்ளேயே ஊருக்குப் போவேன். புதுவாயலில் பஸ்ஸைவிட்டு இறங்குவது, டீக்கடை பெஞ்சு, ஹைவேயில் லாரிக்காகக் காத்திருந்து தாண்டுவது, ஆட்டோவில் ஓரமாக ஒடுங்கிக்கொள்வது என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் நடந்து போவேன். பாதி வழியிலேயே தூக்கம் வந்துவிடும். அங்கே முற்பகல் என்றால் இங்கே மதியச் சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரம் கழுவுகிற நேரம். எனக்கு அது தூங்குவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

முதலில் சதீஷ்தான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு படித்தவன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

“இன்னா மச்சான், வந்துட்டு சொல்லவே இல்ல? புதுவாயல்ல உன் பேனர் கீழ நின்னுக்கினு இருந்த. நான் கம்பெனி பஸ்ல இருந்து கத்துறேன், திரும்பவே மாட்டேன்ற. இந்த வெயில்ல எவனாவது ஸ்வெட்டர் போடுவானா, அதுவும் மான் போட்டது.”

அந்தக் குரலை எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நான் அந்த ஸ்வெட்டரோடு போட்டோகூட எடுத்ததில்லை. வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்று அவனுக்குப் பதில் போட்டேன். ஆனால் பாருங்கள், அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது பயமில்லை, ஐயோ ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டானே என்கிற கூச்சம்தான்.

மறுபடி மனசுக்குள் ஊருக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். முடியவில்லை. கண்ணை மூடினாலே கால் தானாக நடந்தது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் தூரம் போனது. ஊரிலிருந்து வந்த செய்திகளும் அதே வரிசையில் வந்தன. ஷேர் ஆட்டோக்காரர், உன் பையன் என் வண்டியில் ஏறினான், இறங்கும்போது ஆளைக் காணோம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் பார்த்திருக்கிறார். அறுவடை நேரம் அது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, களத்தில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் நைனாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், பையன் திரும்பி வந்துவிட்டானாமே, படிப்பு ஒத்துவரவில்லையா என்று.

நைனா என்னை வீடியோ காலில் கூப்பிட்டார். நான் ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டினேன், கீழே பார்க்கிங்கில் மூடிக் கிடந்த கார்களைக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை.

“போன்ல இன்னா வேணா காட்டலாம்டா. வந்துட்டன்னா வந்துட்டேன்னு சொல்லு. நான் ஒண்ணும் அடிக்க மாட்டேன். ஊட்டுக்கு வராம எங்கடா படுத்துக்கினு கீற?”

சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அப்புறம் சதீஷ் சொல்லித்தான் தெரியும், நைனா அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டிக்குப் போயிருக்கிறார். நான் வெளிநாட்டில் படிக்க முடியாமல் ஓடிவந்து, முகம் காட்ட வெட்கப்பட்டு ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே போய் நின்றிருக்கிறார். வெளியே வருகிற பையன்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரு கேட் முடிந்தால் அடுத்த கேட். சதீஷ் டீ வாங்கிக் கொடுத்தானாம், குடிக்கவில்லையாம். திரும்பும்போது புதுவாயலில் இறங்கி, தன் கையாலேயே பேனரை அவிழ்த்து எடுத்துப் போய், என் முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து நெல்மூட்டைகளை மூடிவிட்டார்.

அதைக் கேட்ட அன்று நான் போர்வைக்குள் அழுதேன். அவர் நினைத்தது பொய்தான். ஆனால் என்ன பொய்? உடம்பு அங்கே ஹாஸ்டலில் இருந்ததே தவிர, நான் ஓடித்தானே போயிருந்தேன்.

மறுநாள்தான் அது நடந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று என்னால் சொல்ல முடியாது. வழக்கமாக எங்கள் தெருவுக்குள் நுழைவதற்குள் எல்லாம் மங்கிவிடும். அன்று மங்கவில்லை. சிமெண்ட் தரையின் சூடு உள்ளங்காலில் ஏறியது, செருப்பு இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். தெருவில் உலரப்போட்ட நெல்லை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பதறவில்லை, எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. தட்டை எடுத்து, மீதியிருந்த சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ருசியை என்னால் இப்போதும் சொல்ல முடியும், உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

வாசலில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. அத்தோடு நான் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா.

“சாப்ட்டு கை கழுவத்தானே போன? சொல்லாமக் கொள்ளாம போய்ட்டியே கண்ணு” என்றாள், கோபமில்லாமல், நான் பின்பக்கம்தான் எங்கேயோ போயிருக்கிறேன் என்பதைப்போல.

நான் பதில் சொல்வதற்குள் போன் கைமாறியது. நைனாவின் மூச்சு கேட்டது. நான் வீட்டுக்குள் நுழைவதை அவர் வயலிலிருந்து பார்த்துவிட்டுப் பிடிக்க ஓடிவந்திருக்கிறார். உள்ளே அம்மாவும் சாப்பிட்ட தட்டும் மட்டும்தான் இருந்திருக்கின்றன. பின்பக்கக் கொல்லையைச் சுற்றி மதில்தான், வெளியே போக வழி கிடையாது. அவர் ரொம்ப மெதுவாக, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினார்.

“நீ அங்கதான் கீறன்னு இப்போ தெரிஞ்சிப் போச்சு. கஷ்டமா இருந்தா பிளேன் ஏறி வா, எவன் இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். இப்படி மட்டும் வராத. எழுந்து கிளாசுக்குப் போ.”

எழுந்தேன். முகம் கழுவினேன். வகுப்பு பாதி முடிந்திருந்தது, கதவைத் திறந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குழுவில் இருந்த மாரெக் என்பவன் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து இடம் விட்டான். முடிந்ததும் அவனிடம் எனக்கு எதுவுமே புரியவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் ஆகியிருந்தது. அவன் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தான். அப்புறம் மெல்லச் சமையலறைக்கும் போனேன், ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளித்தேன். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார்கள். கண்ணை மூடி ஊருக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டேன். ஊரில் அதற்குப் பிறகு யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. நல்ல மார்க் என்று சொல்ல மாட்டேன், பாஸ் செய்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஏர்போர்ட்டில் நைனா என் தோளையும் கையையும் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். பாசம் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

இப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டியிலேயே வேலை, தினமும் வீட்டிலிருந்துதான் போய் வருகிறேன். நைனா அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு உனக்குப் பயமாக இல்லையா என்று. இல்லை என்றாள். காய் நறுக்குவதை நிறுத்தாமலே, “அவன் தட்ட வழிச்சி சாப்ட்டான். வாயாறச் சிரிச்சான். நீ வந்ததுல இருந்து அப்டி சிரிக்கவே இல்லியே” என்றாள். அவன் என்றுதான் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது, பொறாமைப்படுகிற இடமா அது, சொல்லுங்கள்.

போன வாரம் லீவில் வீட்டில்தான் இருந்தேன். நைனா ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். சாயந்திரம் அம்மா டீ போட்டுக்கொண்டு வந்து என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். அவள் டீ குடிக்க மாட்டாள், எப்போதுமே கிடையாது. இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். யாருக்கும்மா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் அதைக் கொல்லையில் கொட்டியிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்க்கவில்லை.