டாக்டர் மாமா கொடுத்த பந்து

அந்தச் சிவப்பு ரப்பர் பந்து என் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. டாக்டர் மாமா கொடுத்தது. தினமும் இடக்கையால் அமுக்கச் சொன்னார். பேருந்தில், அலுவலகத்தில், கோயில் வரிசையில்கூட வெட்கமில்லாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். வீட்டில் முள்ளோட்டு டுரியான் பழத்தைப் பிளக்கும்போது கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில் இறங்கியது. அப்பாவின் பள்ளித் தோழரான டாக்டர் மாமாதான் தம் கிளினிக்கில் தைத்துவிட்டார். அழகான தையல், தழும்புகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தே கிடந்தன. டைப் அடிக்கும்போது ஆங்கில ‘ஏ’ எழுத்து இடது சுண்டுவிரலின் பங்கு. என் கடிதங்களில் அது மட்டும் மங்கலாக விழுந்தது. முதலாளி முகம் சுளிக்க ஆரம்பித்தார். “நரம்பு தூங்குதுமா, எழும்பிடும் லா” என்பார் மாமா. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நன்றிக்காக அப்பா சீசன் தவறாமல் தீவின் மறுகோடி பாலிக் புலாவ் தோட்டத்து டுரியான் ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுப்பார்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளம் விழுந்த பிறகுதான், யாரிடமும் சொல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். எம்.ஆர்.ஐ. அப்போது புதுசு. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி, அடிபட்ட நரம்பைப் பளிச்சென்று காட்டும் முறை அதைவிடப் புதுசு. கையைத் தலைக்கு மேல் நீட்டிக் குப்புறப் படுத்து, அந்த இரைச்சலுக்குள் அசையாமல் கிடந்தேன். படம் பார்த்த டாக்டர் என்னைவிட இளையவர், தமிழ் முஸ்லிம் பெண். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி விரல் வைத்துக் காட்டினார். மணிக்கட்டுவரை வந்த நரம்பு அங்கே முடிச்சுப்போலத் திரண்டு நின்றுவிட்டது. அப்புறம் வெறும் இடைவெளி. “இது தூங்கலக்கா, வெட்டுப்பட்டிருக்கு. தோலை மட்டும் தைச்சிருக்காங்க. அப்பவே வந்திருந்தா நரம்பையும் சேர்த்துத் தைச்சிருக்கலாம். இப்ப ரொம்ப லேட்டுக்கா.”

நேராகக் கிளினிக்குக்குப் போனேன். மாமா ஃபிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “எனக்கும் டவுட் இருந்துச்சுமா. நான் தைச்ச கை. உங்க அப்பா மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது?” கை தவறியதை நான் மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டே ஒரு பந்தைக் கொடுத்து என் நாளைக் கடத்தினாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபிலிமை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. “நீ பிறந்ததுலேருந்து பார்த்தவரு. பெருசாக்காத லா.” அடுத்த சீசனுக்கும் கூடை கட்டினார். டுரியான்களுக்கு நடுவே அந்தப் பந்தை வைத்து அனுப்பினேன். மாமாவுக்குப் புரியும், கொஞ்சமாவது உறைக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்து பந்தை என் மேசைமேல் வைத்தார். “தெரியாமக் கூடையில விழுந்திருச்சாம். விடாம அமுக்கச் சொன்னாரு.”

இருவரும் இப்போது இல்லை. பந்தை எடுத்து இடக்கையில் வைத்துப் பார்க்கிறேன். சுண்டுவிரலுக்கு அது இருப்பதே தெரியவில்லை.