அடுத்த இருபத்தைந்து வருடங்கள்

இன்று கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் வரும்போது லேப்டாப்பைத் திறந்தேன். சென்னையில் அடுத்த இருபத்தைந்து வருடங்களில் எங்கெல்லாம் மெட்ரோ வரவேண்டும் என்று வரைவதுதான் என் வேலை.

பக்கத்து சீட்டில் கல்வராயன்மலை அக்கா ஒருவர். அவர் கணவர் சென்னையில் மெட்ரோ சுரங்க வேலையில் இருக்கிறாராம். பொங்கலுக்கு மட்டும்தான் மலைக்கு வருவாராம். அவரைப் பார்க்கத்தான் அக்கா போகிறார்.

“இன்னாம்மா, இவ்ளோ கோடு?”

“எல்லாம் ரயில் பாதைங்கக்கா. இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு வேலை இருக்கு.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அவரு அதுவரிக்கும் அங்கியேதான் இருக்கணுமாம்மா?”

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

சென்னையில் இறங்கியதும் அக்காவின் கணவர் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். அக்கா பையைக் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் என்ன பதில் சொல்லியிருக்கலாம்? தெரிந்தால் சொல்லுங்கள், எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.