தொளி கலக்கிய சரல் குழி

சுசீந்திரம் ரோட்டில் பஸ் ஓடத் தொடங்கிய புதிது. பஸ்ஸுக்கு ரோடு வேண்டும், ரோட்டுக்குச் சரல் என்கிற சரளைக்கல் வேண்டும். அந்தச் சரல் கிடந்ததோ எங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்த பொத்தையில். பொத்தை என்றால் மலையொன்றும் இல்லை. சுற்றிலும் வயலாய்க் கிடந்த எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மேடான புறம்போக்கு, அவ்வளவுதான். எங்கள் மாடுகளுக்கு மேய்ச்சல் என்று இருந்தது அது ஒன்றே.

இரண்டு வருஷம் வெட்டினார்கள். மேல்மண்ணை ஓரமாகச் சுரண்டிக் குவித்துவிட்டுச் சரலை வண்டி வண்டியாகக் கொண்டு போனார்கள். மிச்சம் விட்டது ஆள் உயரத்துக்கு ஒரு குழி. முறையிடப் போன எங்களிடம் ஓவர்சியர், "பஸ்ல ஏறுவீங்கல்லா?" என்று கேட்டார். ஏறத்தான் செய்தோம். திரும்பி வந்தோம்.

என் வீட்டில் ஒரு பசு இருந்தது. கல்யாணத்தின்போது என் மனைவியோடு கன்றாக வந்தது. அவள் பிறந்த வீட்டின் நினைவாக மிஞ்சியிருந்ததும் அது ஒன்றுதான். தாயும் தகப்பனும் போய்விட்டிருந்தார்கள். பயிர் நிற்கும்போது வரப்பில் மாட்டை விட முடியாது. வெறும் வைக்கோலைத் தின்று பசுவுக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது. "என்ன வேணும்னாலும் செய்யுங்கோ, இத விக்கணும்னு மட்டும் சொல்லாதீங்கோ" என்றாள்.

விற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். குழியைத் திரும்பப் புல்தரையாக்கிவிடலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். பங்குனியில் குளம் வற்றியதும் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வண்டல் சுமந்தோம். ஓலைப் பெட்டியில், கடவம் கடவமாகக் குழியில் கொட்டினோம். சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்து குழியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஏர் மாட்டை இறக்கித் தொளி கலக்கினேன். நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டி உழுது, மிதித்து, மண்ணைக் களியாய்க் குழைப்போமே, அதே வேலை. மேலே பலகை இழுத்து மரம் அடித்துப் பரப்பை நிரவினேன். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு மண் என்றால் அது ஒன்றுதானே தெரியும்!

கஞ்சி கொண்டு வந்த என் மனைவி கரையில் நின்று பார்த்தாள்.

"புல்லுக்கு யாராவது தொளி கலக்குவாவளா?"

"வயலு வச்சவனுக்குச் சொல்லித் தாறியா நீ?" என்று சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அறுகம்புல்லைக் கணுக்கணுவாகக் கிள்ளி நாற்று நடுவது போல வரிசை பிடித்து நட்டோம். மூன்று வாரத்தில் பச்சை பிடித்தது. ஊரே வந்து பார்த்தது. நான் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை.

ஆனியில் மழை பிடித்தது. பெய்த தண்ணீர் பெய்தபடி நின்றது. சரலாக இருந்தால் ஒரே நாளில் குடித்திருக்கும். நான் குழைத்துப் பூசிய களியோ சொட்டுத் தண்ணீரைக் கீழே விடவில்லை. வயலில் தண்ணீர் நிற்பதற்கென்று செய்கிற வேலையை மேய்ச்சல் தரையில் செய்து வைத்திருந்தேன். இறைகூடை போட்டு இரண்டு பேர் பகலெல்லாம் இறைத்தோம். மறுநாள் மழை அதை நிரப்பியது. கடப்பாரையால் அடியைக் குத்தித் துளைத்தோம். துளையில் சேறு வந்து தானாக மூடிக்கொண்டது. அதற்கு மேல் என்ன செய்வதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. புல் அழுகி நாறியது. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது.

ஆடியில் பசு எழுந்திருக்கச் சிரமப்பட்டது. இனிமேல் வைத்திருந்தால் செத்துப்போகும் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். அங்கே மலையடிவாரத்தில் புல்லுக்குக் குறைவில்லை. வாங்குகிறவர் தம் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போக வேண்டும், விற்றவர் கயிறு வீட்டில் தங்க வேண்டும் என்பது வழக்கம். அவளே கயிற்றை அவிழ்த்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்கழிக் காலையில் இருவரும் அந்த வழியாக நடந்து வந்தோம். குழியில் ஊர் எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. ஓரத்தில், சரல் வெட்டியவர்கள் சுரண்டித் தள்ளிய மேல்மண் குவியல் முழுக்க அறுகு மண்டிக் கிடந்தது. யாரும் நடவில்லை. பழைய வேர் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை வாரிக் குழியில் போட்டிருந்தாலே போதும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க கை வைக்காத எடம் இது ஒண்ணுதான்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னாள்.

பிறகு குனிந்து, பழக்கத்தில், ஒரு பிடி புல்லைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, வெறுமையாய்க் கிடந்த தொழுவத்தின் முன்னால் நின்ற பிறகுதான் மடியை அவிழ்த்துப் பார்த்தாள்.